முழங்கை வந்தா வரட்டும்: தெரு ஃபோட்டோ கேள்வி பதில்

போன மாசம் இந்தப் பக்கத்துல ட்ரைபாட் பத்தி எழுதினேன். ஆனா வந்த கேள்வில பாதிக்கு மேல வேற விஷயம். "அண்ணே படம் கோணலா வந்துட்டு", "தலை வெட்டுப்பட்டுப் போச்சு", "நடுவுல ஒருத்தர் வந்து நின்னுட்டாரு, அழிச்சிரட்டா?" இப்படியே வரிசையா. நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துல இத்தனை பேரு தெருவுல எறங்கி படம் எடுக்காங்கன்னு பாக்கவே சந்தோஷமா இருக்கு, ஆனா எடுத்ததுல நல்லதா பாத்து அழிச்சிக்கிட்டும் இருக்காங்களேன்னு மனசு கெடந்து அடிக்குது. அதனால இந்த மாசம் இதை மட்டும் எடுத்துக்கிட்டேன்.

வடசேரியில இருந்து ஒரு காலேஜ் தம்பி: அண்ணே, ஆறு மாசமா மொபைல்ல தெரு ஃபோட்டோ எடுக்கேன். சின்னமுட்டத்துல மீன் ஏலம் நடக்கும்போது ஒரு படம். ஒரு அக்கா கைய நீட்டி வெலை கேட்டு சத்தம் போடுதாங்க, பின்னால ஒரு சின்னப் பையன் காதைப் பொத்திக்கிட்டு நிக்கான். ஆனா இடது ஓரத்துல யாரோ ஒருத்தர் முழங்கை பெருசா ப்ளரா வந்துட்டு, கடல் கோடும் சாஞ்சு கெடக்கு. ஒரு போட்டிக்கு அனுப்பினேன், கம்போசிஷன், அதான் படத்துக்குள்ள எது எங்க வரணும்ங்கிற அமைப்பு, அதோட அடிப்படையே தெரியலன்னு சொல்லி ஒதுக்கிட்டாங்க. அழிச்சிரட்டுமா?

அழிக்காத மக்ளே. நீ அனுப்பின படத்தை முதல்ல மொபைல்ல பாத்தேன், பொறவு கம்ப்யூட்டர்ல பெருசாக்கி வெச்சிட்டு ஒரு சாயா குடிச்சி முடியுற வரைக்கும் பாத்துக்கிட்டே இருந்தேன். அந்த முழங்கையைப் பத்தித்தான் முதல்ல பேசணும். அது யாரோ மீன் வாங்க வந்த ஆளோட கை, சட்டை மடிச்சி விட்டிருக்கு, ஈரம் மின்னுது. அந்தக் கை அங்க இருக்கதுனாலதான் நான் அந்தக் கூட்டத்துக்குள்ள நிக்கேன். அது இல்லன்னா மாடியில இருந்து எட்டிப் பாக்குற மாதிரி இருந்திருக்கும். ஏலம் நடக்குற எடத்துக்குப் போனவங்களுக்குத் தெரியும், தரையெல்லாம் மீன் தண்ணி, ஒருத்தன் ஐஸ் பெட்டிய இழுத்துட்டு வழி வழின்னு கத்திட்டு வருவான், பின்னால இருந்து ஒரு கூடை முதுகுல இடிக்கும், அதுக்குள்ள அடுத்த குவியலுக்கு வெலை ஏறிப் போயிருக்கும். அங்க ஒரு சுத்தமான ஃப்ரேம் வேணும்னா ஆளுங்களை வெலக்கி நிறுத்தணும், வெலக்கினா பொறவு ஏலம் ஏது.

நான் செய்யுற ஒரு சோதனை சொல்லுதேன், நீயும் செஞ்சு பாரு. படத்தைத் திரையில வெச்சிக்கிட்டு, உறுத்துற எடத்தைப் பெருவிரலால மூடு. மூடினதும் மிச்சப் படம் என்ன ஆகுதுன்னு மட்டும் கவனி. உன் படத்துல முழங்கைய மூடினேன், அந்தப் பையன் காதைப் பொத்துறதுக்குக் காரணமே கொறைஞ்சு போச்சு. அக்கா ஒருத்தி மட்டும் கத்துறா, பையன் பயந்துட்டான்னு ஆகிருது. விரலை எடுத்தா, நாலு பக்கமும் ஆளு நெருக்குது, சத்தம் ஏறுது, அதுக்கு நடுவுல அவன் நிக்கான். அப்படின்னா அந்த முழங்கை படத்துக்கு வேலை செய்யுது. மூடினதும் படம் நிம்மதியா மூச்சு விட்டா அது வேலை செய்யலன்னு அர்த்தம், அப்ப அந்த ஓரத்தை வெட்டி கிராப் பண்ணிக்கலாம்.

சாய்வு விஷயமும் அப்படித்தான். கடல் கோடு வலது பக்கம் எறங்குது, அக்கா நீட்டின கையும் அதே பக்கம் எறங்குது, ரெண்டும் சேந்து கண்ணை மீன் குவியலுக்குக் கொண்டு போயி விடுது. நேராக்கிப் பாத்தேன், கை தனியா அந்தரத்துல நிக்குற மாதிரி ஆகிப்போச்சு.

உனக்கு முன்னால இந்தப் பேச்சைக் கேட்ட ஒரு பெரிய ஆளைப் பத்தி சொல்லணும். ராபர்ட் ஃப்ராங்க், சுவிட்சர்லாந்துல 1924ல பொறந்தவரு, அமெரிக்காவுக்குப் போனவரு. 1955ல ஒரு உதவித்தொகை கெடைச்சி, ஒரு பழைய காரை எடுத்துக்கிட்டு அந்த நாடு முழுக்க சுத்தி 27,000 படத்துக்கு மேல எடுத்தாரு, புஸ்தகத்துக்குன்னு கடைசியா எடுத்து வெச்சது வெறும் 83. அது வெளிய வந்தப்ப அங்க உள்ள ஒரு பெரிய ஃபோட்டோ பத்திரிகையில கிழிச்சித் தொங்க விட்டாங்க. அர்த்தமில்லாத ப்ளர், புள்ளி புள்ளியா கிரெய்ன், சேறு மாதிரி மங்கின எக்ஸ்போஷர் (படத்தோட வெளிச்ச அளவு), குடிச்சிட்டு நிக்குற தொடுவானம்னு எல்லாம் எழுதினாங்க. அந்தத் தொடுவானம்ங்கிற வார்த்தையைப் பாரு, உனக்கு வந்த அதே கொறைதான். இன்னைக்கு தெரு ஃபோட்டோ சொல்லிக் குடுக்குற எந்த எடத்துலயும் அந்த 83 படத்தைக் காட்டாம பாடம் முடியுறது இல்ல. அவரு ஓடுற காருக்குள்ள இருந்து, மதுக்கடைக்குள்ள இருந்து, ஊர்வலத்துக்கு நடுவுல இருந்து எடுத்தாரு, அங்க எப்படி இருந்துச்சோ அப்படித்தான் கோடும் இருந்துச்சு.

உன்னைய ஒதுக்கினவங்க மேல கோவப்படாத. காலண்டர் படம், கோயில் கோபுரம், பத்மநாபபுரம் அரண்மனை வராந்தா, இதுக்கெல்லாம் பழகின கண்ணு அது. அந்த அளவுகோலை மீன் ஏலத்துக்கு வெச்சிப் பாத்திருக்காங்க.

ஆனா ஒண்ணு. உன் படத்துல தப்பு இருக்கு, அது அவங்க சொன்ன எடத்துல இல்ல. வலது பக்கம் மூணுல ஒரு பங்கு வெறும் நீல தார்ப்பாய், அது படத்துக்கு எந்த வேலையும் செய்யல. ரெண்டு எட்டு முன்னால போயிருந்தா அது போயிருக்கும், பையன் முகமும் கிட்ட வந்திருக்கும். அடுத்த தடவை போகும்போது அந்த ரெண்டு எட்டு வை. சின்னமுட்டம் கிழக்குக் கரை கணக்கு, அங்க ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடி தடைக்காலம், விசைப்படகு போகாது, அந்த 61 நாளுல ஏலத்துல இந்த சூடு இருக்காது, அதையும் கணக்குல வெச்சிக்க.

மார்த்தாண்டம் வாசகர்: கோணலா வந்தா ஸ்னாப்சீட் மாதிரி படம் திருத்துற ஆப்ல போட்டு நேராக்கிட்டா பிரச்சனை முடிஞ்சுல்லா? இதுக்கு எதுக்கு இவ்வளவு பேச்சு?

நேராக்கலாம், யாரும் தடுக்கல. ஒரு டிகிரி ரெண்டு டிகிரி சாய்வு, பின்னால கட்டடமோ கடல் கோடோ தெரியுது, அதனால எந்தப் பிரயோஜனமும் இல்லன்னா கட்டாயம் நேராக்குங்க, அந்தச் சின்ன சாய்வு பல்லுல நார் மாட்டின மாதிரி உறுத்திக்கிட்டே இருக்கும். ஆனா நேராக்கும்போது நாலு மூலையும் வெட்டுப்படும், அந்த மூலையில என்ன போகுதுன்னு பாத்துட்டு செய்யுங்க. கோட்டாறு சந்தையில நான் எடுத்த ஒரு படத்துல அப்படி நேராக்கப் போயி, ஓரத்துல தராசுத் தட்டைப் பிடிச்சிருந்த விரலு நாலும் போச்சு. தட்டு மட்டும் அந்தரத்துல தொங்குது. திரும்ப சாய்ச்சே வெச்சிட்டேன்.

தோவாளை பக்கத்துல இருந்து ஒரு அக்கா: எங்க ஊரு பூச்சந்தையில வெளக்கு வெளிச்சத்துல, விடியுறதுக்கு முன்னால எடுத்தா எல்லாம் மங்கலா வருது. பூ வாரிப் போடுற கை தெரியவே மாட்டேங்குது, ஒரே வெள்ளைக் கோடு. என் மொபைல் பழசு. புது மொபைல் வாங்குற வரைக்கும் நிறுத்தி வைக்கட்டா?

நிறுத்தவே செய்யாதீங்கக்கா, அந்த நேரத்துல அந்தச் சந்தைக்குள்ள சாதாரணமா நடந்து போக முடியுற ஆளு நீங்க, வெளியூர்ல இருந்து கேமரா தூக்கிட்டு வாறவங்களுக்கு அது கெடைக்காது.

முதல்ல மொபைல் என்ன செய்யுதுன்னு சொல்லுதேன். வெளிச்சம் கொறைவா இருந்தா அது ஷட்டரை ரொம்ப நேரம் தொறந்து வைக்கும், நொடியில பத்துல ஒரு பங்கு, பதினஞ்சுல ஒரு பங்குன்னு போயிரும். அதுக்குள்ள பிச்சிப்பூவ வாரின கை ஒரு முழம் நகந்து போயிருக்கும், அதான் கோடு. நைட் மோடு போட்டா இன்னும் மோசம், அது வரிசையா பல படம் எடுத்து ஒண்ணா சேக்குது, அசையாத பொருளுக்கு அது நல்லது, நடமாடுற ஆளுக்கு முகம் ரெண்டா மூணா வரும். அதை ஆஃப் பண்ணுங்க. எல்லாத்தையும் நாமளே மாத்துற ப்ரோ மோடுன்னு ஒண்ணு இருந்தா ஷட்டரை 1/100ல, அதாவது நொடியில நூத்துல ஒரு பங்குல வைங்க, ஐஎஸ்ஓ, அதான் கொறைஞ்ச வெளிச்சத்தை கூட்டிக் காட்டுற அளவு, 1600, 3200ன்னு ஏறினாலும் ஏறட்டும். 1/100க்கு ஒரு காரணம் இருக்கு, நம்ம ஊரு கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதுக்கு ஒத்துப் போற ஷட்டரா இருந்தா டியூப் லைட்டும் எல்ஈடியும் படத்துல வரி வரியா பட்டை போடாது. நடக்குற ஆளு ஓரளவு தெளிவா வருவாரு, வேகமா போற கை மட்டும் லேசா கரையும்.

இப்ப அந்த வெள்ளைக் கோட்டைப் பத்தி. நீங்க அனுப்பின மூணுல ரெண்டாவது படம், எடை போடுற அண்ணன் அசையாம குனிஞ்சு முள்ளைப் பாக்காரு, அவரைச் சுத்தி பூவெல்லாம் புகை மாதிரி பறக்குது, கை ஒண்ணும் தெரியல. அக்கா, எனக்கு மூணுலயும் பிடிச்சது அதுதான். அந்தச் சந்தையோட வேகம் அதுக்குள்ள இருக்கு, அந்த அண்ணன் ஒருத்தர்தான் நிதானமா நிக்காரு. மத்த ரெண்டுல எல்லாமே ஆடிப்போயிருக்கு, கண்ணு எங்கயும் நிக்கல, அதை விட்டுருங்க. ஒண்ணாவது நிலையா இருந்தா மத்தது ஆடுறது நமக்குத் தெரியும்.

ஜப்பான்ல டைடோ மோரியாமான்னு ஒருத்தர், 1938ல பொறந்தவரு. அவரும் அவரு கூட்டாளிகளும் 1960கள் கடைசியில ஒரு சின்னப் பத்திரிகை நடத்தினாங்க, மூணு இதழ்தான் வந்துச்சு. அவங்க பாணிக்கு அரே, புரே, போகேன்னு பேரு. சொரசொரப்பு, ஆட்டம், ஃபோகஸ் இல்லாமைன்னு வெச்சிக்கலாம். அவரு சட்டைப் பையில போடுற சின்ன கேமராவை வெச்சே பெரும்பாலும் எடுத்தவரு. 1971ல அவரு எடுத்த ஒரு தெருநாய் படம் இருக்கு, திரும்பி ஒரு பார்வை பாக்கும், ரோமமெல்லாம் கரகரன்னு கிரெய்ன். அதை எவ்வளவு விலை கூடின கேமராவுல சுத்தமா எடுத்தாலும் அந்தப் பார்வை வந்திருக்காதுன்னு நான் நம்புதேன். உங்க பழைய மொபைல் போதும்.

தக்கலையில இருந்து ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருத்தர்: நானும் நாப்பது வருஷமா படம் எடுக்கிறவன். விதிகள் காரணத்தோட வந்தது. பிழையெல்லாம் அழகுன்னு நீங்க எழுதிக்கிட்டே போனா, பிள்ளைங்க கத்துக்காமலே நானும் கலைஞன்னு கிளம்பிடுவாங்க. இது நியாயமா?

சார், வணக்கம். உங்க கவலை எனக்கும் உண்டு. எதைக் காட்டினாலும் இது என் ஸ்டைல்னு சொல்லுற பிள்ளைங்களை நானும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்.

விதிய படிக்கணும்னு நானும் சொல்லுவேன். படத்தை மூணுக்கு மூணு கட்டமா பிரிச்சி ஆளைக் கோட்டுல வைக்குற மூணுல ஒரு பங்கு விதி, கோடு எங்க போகுது, வெறும் எடம் எவ்வளவு விடணும், இதெல்லாம் கையில ஊறணும். ஊறினாத்தான் தெருவுல அதை யோசிக்காம இருக்க முடியும். எனக்குப் பயம் எங்கன்னா, ஊறுறதுக்குப் பதிலா அது மண்டையில உக்காந்துக்கிட்டு, ஒரு ஆளு சிரிக்கும்போது பையன் கட்டம் சரியா இருக்கான்னு பாத்துக்கிட்டு நிக்கான். சிரிப்பு முடிஞ்சு போயிருது. நாகர்கோவில் பஸ் ஸ்டாண்டுல மழை பெஞ்சா பத்து நொடியில மொத்தக் கூட்டமும் எடம் மாறிரும். அந்தப் பத்து நொடியில நீங்க கட்டத்தைப் பாப்பீங்களா, ஆளைப் பாப்பீங்களா.

பிரெஞ்சு ஃபோட்டோக்காரரு ஹென்றி கார்ட்டியே பிரெஸ்ஸான் படத்தை நீங்க கட்டாயம் பாத்திருப்பீங்க, 1932ல பாரீஸ்ல ஒரு ரயில் நிலையத்துக்குப் பின்னால, தேங்கின தண்ணியத் தாண்டி ஒரு ஆளு குதிக்குறது. கச்சிதத்துக்கு உதாரணம்னு ஊரெல்லாம் காட்டுற படம். அதை ஒரு மரப் பலகை வேலியோட இடுக்கு வழியாத்தான் எடுத்தாரு. லென்ஸ் முழுசா உள்ள போகல, இடது பக்கம் பலகை மறைச்சிருச்சு, பொறவு அதை வெட்டிட்டுத்தான் பிரிண்ட் போட்டாங்க. கிராப் பண்ணுறதையே பிடிக்காத மனுஷன் அவரு. குதிக்குற ஆளும் தெளிவா இல்ல, நல்லா மங்கித்தான் இருக்காரு. ஆனா குதிகால் தண்ணியத் தொடுறதுக்கு ஒரு மயிரிழை முன்னால, பின்னால போஸ்டர்லயும் ஒரு உருவம் அதே மாதிரி தாவுது. விதி தெரிஞ்ச கண்ணு சார் அது, ஆனா இடுக்கு சரியில்ல, நாளைக்கு வருவோம்னு திரும்பிப் போகல.

தோவாளையில மாணிக்க மாலை கட்டுறவங்களைப் பாருங்க, ஒவ்வொரு பூவையும் மடிச்சி அடுக்கி ரத்தினக்கல்லு பதிச்ச மாதிரி ஆக்குவாங்க, அங்க ஒரு இதழ் தப்பினாலும் மாலை போச்சு. அந்த வேலைக்கு அந்தக் கச்சிதம் வேணும், ஏன்னா பூ அவங்க கையில இருக்கு. தெரு நம்ம கையில இல்ல. அங்க நாம செய்ய முடிஞ்சது எங்க நிக்கணும், எப்ப அமுக்கணும், இந்த ரெண்டும்தான், மத்ததை எல்லாம் தெரு குடுக்கணும்.

பிள்ளைங்களுக்கு நான் சொல்லுறது இதுதான் சார்: கோணலா எடுக்கணும்னு போகாதீங்க. நேரா எடுக்கத்தான் பாருங்க. அதுக்குள்ள ஏதாவது நடந்தா கோடு போனா போகட்டும்னு அமுக்குங்க. வேணும்னே சாய்ச்சி எடுத்த படம் பாத்தாலே தெரியும், அதுல ஒண்ணும் நடந்திருக்காது. உங்ககிட்ட நாப்பது வருஷத்து நெகட்டிவ் இருக்கும்லா சார், அதுல வேஸ்ட்னு ஒதுக்கினதை ஒரு நாள் திரும்ப எடுத்துப் பாருங்க, ரெண்டு மூணு எனக்கும் அனுப்புங்க. எனக்கு நெஜமாவே பாக்க ஆசை.

குளச்சல்ல இருந்து ஒரு தங்கச்சி: நான் கேமராவோட கடற்கரைக்குப் போனாலே எல்லாரும் என்னையத்தான் பாக்குறாங்க. எந்தப் படம் எடுத்தாலும் ரெண்டு பேராவது கேமராவ மொறைச்சிக்கிட்டு நிப்பாங்க, இயல்பா வரவே மாட்டேங்குது. இன்னொண்ணு, மீன் கூடையோட போன ஒரு வயசான அம்மா "எடுக்காத பிள்ளே"ன்னு சொன்னாங்க, ஆனா அதுக்குள்ள எடுத்துட்டேன். கை முன்னால வந்து பாதி முகம் மறைஞ்சிருக்கு, ஆனா படம் ரொம்ப நல்லா வந்திருக்கு. இதைப் போடலாமா?

ரெண்டாவது கேள்விக்கு முதல்ல பதில். போடாத மக்ளே. இந்தப் பக்கம் முழுக்க அழிக்காத அழிக்காதன்னு சொல்லிக்கிட்டு வந்தேன், இந்த ஒரு படத்தை அழிக்கச் சொல்லுதேன். அந்தக் கை மறைக்குறது கம்போசிஷன் இல்ல, வேண்டாம்ங்கிற பேச்சு. முடிஞ்சா அந்த அம்மா மீன் விக்குற எடத்துக்கே போயி, இந்தப் படம் எடுத்துட்டேன் அம்மா, உங்க முன்னால அழிக்கேன்னு காட்டி அழி. போட்டா எத்தனை பேரு பாராட்டினாலும், நாளைக்கு அதே கரையில அந்த அம்மா முன்னால நீ நடந்து போகணும்.

மொறைச்சிப் பாக்குறவங்களைப் பத்திக் கவலைப்படாத. கேமராவோட ஒரு பிள்ளை வந்து நிக்குது, கரையில பாக்கத்தான் செய்வாங்க, அதுவும் அங்க நடந்த விஷயந்தானே. நீ அனுப்பினதுல வலை பொத்துற ஆறு பேரு இருக்க படம், அஞ்சு பேரு குனிஞ்சு வேலை பாக்காங்க, ஒருத்தர் மட்டும் ஊசிய நிறுத்திட்டு நேரா உன்னையப் பாக்காரு. நீ அதை கெட்டுப்போச்சுன்னு எழுதியிருக்க. எனக்கு அந்த ஒரு பார்வையாலதான் மத்த அஞ்சு பேரோட குனிவே தெரியுது. அவரும் கேமராவைப் பாக்காம இருந்திருந்தா ஆறு பேரு வலை பொத்துற ஒரு சாதாரண படம்.

இயல்பு வேணும்னா ஒரே நாளுல வராது. ஒரே எடத்துக்கு ஒரே நேரத்துக்கு வாராவாரம் போ, முதல் ரெண்டு தடவை கேமராவை வெளிய எடுக்காம பேசிட்டு வா. நம்ம மேற்குக் கரைக்கு ஜூன் 1ல இருந்து ஜூலை 31 வரைக்கும் விசைப்படகுக்குத் தடை, அந்த நேரத்துல கரையில வலை வேலையும் படகு வேலையும் நடக்கும், ஆளுங்களுக்கும் பேச நேரம் இருக்கும். மழையும் இருக்கும், கேமராவுக்கு ஒரு பிளாஸ்டிக் கவர் எடுத்துக்க. எடுத்த படத்துல நாலஞ்சை சின்னதா பிரிண்ட் போட்டு கொண்டு போயி குடு. பொறவு உன்னைய யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க, வா பிள்ளே சாயா குடின்னுதான் சொல்லுவாங்க.

நாகர்கோவில், வெட்டூர்ணிமடம் வாசகர்: தெருவுக்கு எந்த லென்ஸ்?

28 எம்எம், இல்லன்னா 35 எம்எம். எண் கொறைஞ்சா லென்ஸ் அகலமா பாக்கும். 28ல லென்ஸ் தொறப்பை எஃப் 8ங்கிற அளவுல வெச்சி மூணு மீட்டர்ல ஃபோகஸை நிறுத்திட்டா, ஏறக்குறைய ஒன்றரை மீட்டர்ல இருந்து ரொம்ப தூரம் வரைக்கும் தெளிவா வரும், ஃபோகஸைத் தேட வேண்டாம், பாத்ததும் அமுக்கலாம். மொபைலோட மெயின் கேமராவும் கிட்டத்தட்ட அதே அகலந்தான், அதனால அதுவே போதும்.

கன்னியாகுமரி டவுன்ல இருந்து ஒரு தம்பி: சூரிய உதயம், விவேகானந்தர் பாறை, வள்ளுவர் சிலை, எது எடுத்தாலும் முன்னால ஒரு கூட்டம் மொபைலைத் தூக்கிட்டு நிக்கி. ஆளே இல்லாம எப்படி எடுக்குறது? இப்ப கண்ணாடிப் பாலம் வேற வந்து கூட்டம் இன்னும் கூடிட்டு.

ஆளே இல்லாத கன்னியாகுமரி படம் போஸ்ட் கார்டு கடையில அடுக்கி வெச்சிருக்கு தம்பி, அதை இன்னொரு தடவை எதுக்கு எடுக்கணும். சிலை 133 அடி, அதுல பீடம் 38 அடி அறத்துக்கு, மேல 95 அடி பொருளுக்கும் இன்பத்துக்கும். இதெல்லாம் உனக்குத் தெரியும், பாக்குறவங்களுக்கும் தெரியும். அதனால சிலை முழுசா வரணும்னு கட்டாயம் இல்ல. சிப்பி மாலை விக்குறவரு தோளுக்கு மேல சிலையோட பாதி தெரிஞ்சாலும் அது யாருன்னு தமிழ் படிச்ச யாருக்கும் சொல்ல வேண்டாம். 2000ல இருந்து நிக்குது, நாளைக்கும் நிக்கும். அந்த மாலை விக்குறவரு இன்னும் அஞ்சு நிமிஷத்துல அடுத்த பஸ்ஸுக்குப் போயிருவாரு.

நாளைக்குக் காலையில ஒண்ணு செய். எல்லாரும் கடலைப் பாத்து நிப்பாங்கல்லா, நீ கடலுக்கு முதுகைக் காட்டி நில்லு. சூரியன் வந்ததும் அந்த முதல் வெளிச்சம் நேரா அவங்க முகத்துலதான் விழும், அதை விட மென்மையான வெளிச்சம் வேற கெடைக்காது. எந்தெந்த ஊர்ல இருந்தோ ராத்திரி முழுக்க பஸ்ஸுல வந்தவங்க, கண்ணு கசக்கிக்கிட்டு, பிள்ளையத் தோளுல போட்டுக்கிட்டு, சால்வை போத்திக்கிட்டு நிப்பாங்க. பாதி முகத்தை மொபைல் மறைக்கும், ஒருத்தர் கொட்டாவி விடுவாரு, நடுவுல கலர் மண்ணு பாக்கெட் விக்குற ஆளு ஃப்ரேமைக் கிழிச்சிட்டுப் போவாரு. போகட்டும், நீ எடுத்துக்கிட்டே இரு. மேகம் மூடி சூரியனே வரலன்னா அந்த ஏமாத்தமும் முகத்துல தெரியும், அன்னைக்கும் போ.

கோட்டாறு வாசகர்: கரண்டு கம்பி, ஃப்ளெக்ஸ் போர்டு, நிறுத்தி வெச்ச பைக். இந்தக் குப்பை இல்லாம ஒரு தெருப்படம்கூட எடுக்க முடியல. ஏஐல அழிச்சிட்டா தப்பா?

தெருப்படம்னு பேரு வெச்சிட்டு தெருவுல இருந்ததை அழிக்குறது எனக்கு ஒத்துக்க முடியல. முப்பது வருஷம் கழிச்சி அந்தப் படத்தைப் பாக்குற பிள்ளை முதல்ல தேடுறது அந்த போர்டையும் பைக்கையும்தான் இருக்கும். பழைய நாகர்கோவில் படம் கெடைச்சா நாம என்ன பாக்கோம், கடை பேரு, பஸ்ஸோட ஷேப்பு, ஆளுங்க கட்டியிருக்க வேட்டி, இதைத்தானே.

லீ ஃப்ரீட்லேண்டர்னு ஒரு அமெரிக்கக்காரரு, கம்பத்தை படத்துக்கு நட்ட நடுவுல வெச்சே எடுப்பாரு, தன்னோட நெழலு முன்னால போற பொம்பளை முதுகுல விழுந்ததையும் 1966ல எடுத்து வெச்சிருக்காரு. நம்ம நாட்டுல ஜெய்ப்பூர்க்காரரு ரகுபீர் சிங், 1999ல எறந்துட்டாரு, அம்பாசிடர் காருக்குள்ள உக்காந்து கதவு, கண்ணாடி, மிரர் எல்லாம் படத்தை வெட்டுற மாதிரி கலர்ல எடுத்தாரு. ஒரு பக்கம் மிரர்ல ஒரு தெரு, ஜன்னல்ல இன்னொரு தெரு. எடைஞ்சலை அழிக்குறதுக்குப் பதிலா அதை வெச்சே படத்தைப் பிரிச்சிருக்காரு. கம்பி வருதுன்னா நீங்க ஒரு எட்டு நகந்து, அது யாரு தலையிலயாவது குத்துதான்னு மட்டும் பாருங்க. குத்தலன்னா விட்டுருங்க.

குலசேகரத்துல இருந்து ஒரு பிள்ளை: சார், எங்க அப்பா ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி. விடியுறதுக்கு முன்னால தலையில லைட் கட்டிக்கிட்டு தோட்டத்துக்குப் போவாரு. ஒரு நாள் கூடப் போயி இருவது படம் எடுத்தேன். ஒண்ணுல மட்டும் அப்பா கையும் கத்தியும் மரத்துல வடியுற பாலும் தெரியுது, முகம் முழுக்க இருட்டு, லைட் வெளிச்சம் கேமராவுல அடிச்சி பாதிப் படம் வெளுத்துப் போச்சு, சாஞ்சும் இருக்கு. அம்மா "மூஞ்சி இல்லாத படம் எதுக்கு"ன்னு சொல்லுதாங்க. மத்த பத்தொன்பதும் அப்பா சிரிச்சிக்கிட்டு நிக்குற படம், தெளிவா இருக்கு. எதை வெச்சிக்கணும்?

இருவதையும் வெச்சிக்க மக்ளே. கேரி வினோகிராண்ட்னு ஒரு தெரு ஃபோட்டோக்காரரு, எடுத்த ஃபிலிமை ஒரு வருஷம் ரெண்டு வருஷம் கழுவாமலே வெச்சிருப்பாரு, எடுத்த நேரத்து சந்தோஷமோ வருத்தமோ மறந்த பொறவுதான் படத்தைப் படமா பாக்க முடியும்னு நெனச்சவரு. 1984ல அவரு எறந்தப்ப கழுவாத ரோல் மட்டும் 2,500 பக்கம் கெடந்துச்சு. நீ அவ்வளவு நாள் காத்திருக்க வேண்டாம், ஆனா எடுத்த அன்னைக்கு ராத்திரியே உக்காந்து அழிக்குற பழக்கம் மட்டும் வேண்டாம்.

அம்மா சொல்லுறதும் சரிதான், அவங்களுக்கு அப்பா சிரிக்குற படம் வேணும். அதுல நல்லதா ஒண்ணு பிரேம் போட்டு வீட்டுல மாட்டு.

எனக்கு நீ அனுப்பின அந்த இருட்டுப் படத்தை மூணு நாளா திரும்பத் திரும்பப் பாக்கேன். நீ சாஞ்சு இருக்குன்னு எழுதியிருக்க, மரத்துல வெட்டே சாய்வாத்தானே போடுவாங்க, அந்த வெட்டோட சாய்வும் உன் படத்தோட சாய்வும் சேந்து பால் சிரட்டைக்குள்ள எறங்குற மாதிரியே இருக்கு. வெளுத்துப் போன பாதி, அப்பா உன்னையத் திரும்பிப் பாத்த நேரம், அவரு நெத்தி லைட்டு உன் லென்ஸ்ல அடிச்சிருக்கு. அதனால முகம் இல்லன்னாலும் அவரு உன்னையத்தான் பாக்காருன்னு எனக்குத் தெரியுது.

இதையும் ஒரு பிரிண்ட் போடு, எட்டுக்குப் பன்னெண்டு இஞ்ச் அளவுல, மினுங்காத மேட் பேப்பர்ல. அந்த வெளுத்த பாதியை கடைக்காரர் கறுப்பாக்கித் தாரேன்னு சொன்னா வேண்டாம்னு சொல்லிரு. அப்பாகிட்ட குடுத்து இது எந்த மரம்னு கேளு. வெட்டைப் பாத்தே சொல்லிருவாருன்னு நெனைக்கேன். அவரு சொல்லுறதை பிரிண்டுக்குப் பின்னால தேதியோட எழுதி வை, பொறவு என்ன சொன்னாருன்னு எனக்கும் ஒரு வரி எழுது.